சொட்டுநீலம்

மூன்று நாளாகக் கொட்டிய மழை அன்று விடியற்காலையில்தான் விட்டிருந்தது. பதினொரு மணிக்கு இரும்பு அலமாரிகளோடு ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் பழைய கொட்டகையைக் காலிசெய்துவிட வேண்டும் என்று நாற்றுப் பண்ணையை நடத்துகிற ஜோதிநாதன் சார் நேற்றே சொல்லியிருந்தார். அமலோற்பவம் எட்டரை மணிக்கெல்லாம் வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூலையில் சாய்ந்து கிடந்த உடைந்த விதைத்தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். கடைசித் தட்டை நகர்த்தியபோது சுவரின் அடியில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த வெடிப்பில், செடிகள் நின்றன. விரல் உயரம்தான் இருக்கும். தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டை வழியாக வந்த வெளிச்சத்தைப் பார்த்து எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்திருந்தன. பதினொன்று. அவள் எண்ணவில்லை, கண் தானாக எண்ணிவிட்டது. பத்தொன்பது வருஷமாகத் தட்டுத்தட்டாக முளைகளை எண்ணிய கண்ணுக்கு வேறென்ன தெரியும். பாம்பைப் பார்த்தவள் மாதிரிக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "என்ன செடி இது, தெரியலையே" என்று வாய்விட்டே சொன்னாள். கொட்டகையில் ஒருவரும் இல்லை. ஆளில்லாத இடத்தில் யாருக்காகச் சொன்னோம் என்று ஒரு நினைப்பு வந்தது; அதை அங்கேயே விட்டுவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் சொடக்குப் போட்டன. களாவாக இருக்குமோ. களா இலை வழவழவென்று இருக்கும், கிள்ளினால் பால் வடியும். இது அதில்லை. தவிட்டுப்பழமா என்றால், தவிட்டுச் செடி இவ்வளவு இருட்டில் முளைக்காது, அதற்கு வெயில் வேண்டும், புல்வெளி ஓரம் வேண்டும். இலையின் முதுகில் பூனைக்குட்டியின் காது மாதிரி ரோமம். நரம்புகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக, ஒன்றுபோல வளைந்து ஓடின. இரண்டே இலையில் ஒரு செடியை அடையாளம் சொல்கிறவள் என்று வனத்துறையிலிருந்து வருகிறவர்களிடம் சார் அவளைக் காட்டிப் பெருமையாகச் சொல்வார். இதுகளுக்கு ஆறு இலை இருந்தது. அப்படியும் பெயர் வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. பல் பிடுங்கிய குழிக்கு நாக்கு போய்ப்போய் வருமே, அந்த மாதிரி மனசு அந்தப் பெயர்ப் பக்கம் போவதும் திரும்புவதுமாக இருந்தது.

மற்ற பெயரெல்லாம் வந்தன. கூப்பிடாமலே வரிசையாக வந்தன. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டுப் பரவிய சீகை மரத்தை வெட்டி எறிந்த சரிவுகளில் பழைய சோலைக்காட்டுச் செடிகளைத் திரும்ப நடுவதற்கென்று இந்த நாற்றுப் பண்ணையை ஆரம்பித்தபோது, சார் ஒவ்வொரு தட்டிலும் பென்சிலால் எழுதிச் செருகிய பெயர்கள் அவள் வாயிலும் அவளோடு வேலைக்குச் சேர்ந்த வெள்ளைத்தாயின் வாயிலும் நுழையவில்லை. சார் சொல்லச்சொல்ல இரண்டு பேரும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள். ஜெபமாலை சொல்கிற மாதிரி இருக்கிறது என்று அமலோற்பவம் சொன்னாள். தெலுங்கு மேஸ்திரி திட்டுகிற மாதிரி இருக்கிறது என்று வெள்ளைத்தாய் சொன்னாள். மறுநாளே வெள்ளைத்தாய் தன் பாட்டுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டாள். முன்னால் போகிறவளை விட்டுவிட்டுப் பின்னால் வருகிறவளின் சேலையைக் கொக்கிமுள்ளால் பிடித்து இழுக்கிற செடிக்கு 'மாமியார்'. பழத்தைத் தின்றால் இரண்டு நாளைக்கு நாக்கு கறுத்துக் கிடக்கிற செடிக்கு 'பொய் சொல்லாதே'. வெள்ளைப் பூவோடு தலையைக் குனிந்துகொண்டிருக்கிற செடிக்கு 'சிஸ்டரம்மா'. "உங்க சாமியைத்தான் கும்பிடுறா, கோவிச்சுக்காதடி அமலி" என்று சிரிப்பாள். நாலைந்து மாதத்தில் சாரே, "மாமியாருக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். கேட்டுவிட்டு அவருக்கே வெட்கம் வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அந்த நாட்களில் காலையில் வேலைக்கு வருவது வேலைக்கு வருகிற மாதிரியே இருக்காது. ஜீப் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். இரண்டு பேரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சோலைக்குள் இறங்குவார்கள். உள்ளே போனதும் குளிர் தலையில் ஒரு கை வைக்கும். பாசி, ஈரம், அழுகின இலை எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. அவளுடைய கல்யாணச் சேலையை எடுத்து மோந்தால்கூட இப்போது ஒன்றும் தோன்றுவதில்லை. அந்த வாசனை மட்டும் மூக்கில் ஏறினால் அமலோற்பவத்துக்கு முப்பத்தெட்டு வயசாகிவிடும். கொண்டைக்குருவிகளுக்கு முன்னால் பழத்தைப் பறித்துவிட வேண்டும், ஆனால் பழுக்காததைப் பறித்தால் விதை சொத்தை. ஒரு நாள் முந்தினால் காய், ஒரு நாள் பிந்தினால் குருவி. அந்த ஒரு நாளைப் பிடிப்பதற்காகக் கட்டன் டீயைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போய் ஒரு புதருக்குப் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளைத்தாய் பேசிக்கொண்டே இருப்பாள். வத்தலக்குண்டில் அவள் அண்ணன் வீடு, அண்ணிக்குப் பிடிக்காத கோழி, விட்டுவிட்டுப் போன புருஷன், அவன் சைக்கிளில் மணி இல்லாதது. அப்போது காதில் விழுந்தும் விழாமலும் போன பேச்சு. இப்போது அதில் ஒரு வரி கிடைக்காதா என்று இருக்கிறது.

எந்தப் புதர் அது? ஓடையிலிருந்து மேலே ஏறும்போது பெரிய மரத்தின் கீழே இருந்ததே, அந்தப் புதர்தான். இந்த மலையில் அவர்களுக்குத் தெரிந்து அது ஒன்றே ஒன்று. இன்னொன்று இருக்கும், எங்கேயாவது இருக்கும் என்று சார் வருஷா வருஷம் சொன்னார். வருஷா வருஷம் தேடினார்கள், கிடைக்கவில்லை. முதல் தடவை அதைப் பழத்தோடு பார்த்தது வெள்ளைத்தாய்தான். நனைந்த இலைகளுக்கு அடியில், கிளையை ஒட்டிக்கொண்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாகப் பழங்கள். அந்த நிறத்தில் பழம் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் அமலோற்பவம் நம்பியிருக்க மாட்டாள். நாவல்பழக் கறுப்பு இல்லை. கத்தரிக்காய் ஊதாவும் இல்லை. வெள்ளைச் சட்டையை அலசுகிற கடைசித் தண்ணீரில் விடுவோமே, அந்த… அவள் அங்கேயே நின்றாள். மனசு நின்றது என்று சொல்ல வேண்டும். கை தரையில் கிடந்த தட்டுத் துண்டை எடுத்துச் சும்மா நொறுக்கிக்கொண்டிருந்தது. பெயரை விட்டுவிட்டு விதைக்குப் போனாள். பழத்தை உரித்தால் உள்ளே ஆரஞ்சுச் சுளை அடுக்கின மாதிரி ஐந்தாறு விதை இருக்கும். டீ வடிகட்டியில் போட்டுத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துச் சதையை எடுத்து, நிழலில் உலர்த்தி, ஆற்று மணலில் விதைத்தார்கள். ஒரு வருஷம் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷம் புளித்த மோரில் இரண்டு நாள் ஊறப்போட்டு விதைத்தார்கள். அதுவும் வரவில்லை. பறவை வயிற்றுக்குள் போய்வந்தால்தான் சில விதை விழித்துக்கொள்ளும் என்று சார் எதிலோ படித்துவிட்டுச் சொல்ல, வெள்ளைத்தாய் அண்ணிக்குப் பிடிக்காத கோழியையே ஊரிலிருந்து கூடையில் தூக்கிவந்துவிட்டாள். பஸ் கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் கேட்டானாம். கோழி அந்தப் பழத்தை ஆசையாகத் தின்றது. பிறகு ஒரு வாரம் இரண்டு பேரும் மூக்கைச் சேலையால் கட்டிக்கொண்டு அதன் எச்சத்தைச் சலித்தார்கள். ஒரு விதைகூட முழுசாக வெளியே வரவில்லை. கோழி எல்லாவற்றையும் அரைத்துத் தள்ளியிருந்தது. "இந்த ராசாத்தி சரளைக்கல்லையே செரிக்கிறவ, வெதைய விடுவாளா" என்று வெள்ளைத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அமலோற்பவத்துக்கு விலா பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் திரும்பிப் படுக்க முடியவில்லை. இப்போது குத்தவைத்திருந்த இடத்தில் அவள் உதடு தானாக விரிந்தது. விரிந்தபடியே சற்று நேரம் இருந்துவிட்டு மூடிக்கொண்டது. மூன்றாவது வருஷம்தான் அந்தத் தட்டு. சோலைக்குள்ளேயிருந்து, அந்தப் புதரின் காலடி மண்ணையே கொண்டுவந்து போட்டு, அந்த வருஷம் கிடைத்த இருநூற்றுச் சொச்சம் விதையையும் அதில் தூவி, எலிக்காக வலைமூடி செய்து, மூடியின் மேல் இரண்டு கல் வைத்து வளர்த்த தட்டு. பதினான்கு மாதம் அது சும்மா கிடந்தது. மண்ணுக்கடியில் ஏதோ நடக்கிறது, இந்தத் தடவை வரும் என்று வெள்ளைத்தாய் தட்டில் காதை வைத்துக் கேட்டுச் சொல்வாள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. இல்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை காலையில்தான் பார்த்தார்கள். இந்த இடத்துக்கு வந்தால் அவள் நினைப்பு எப்போதும் கிழமையிலிருந்துதான் ஆரம்பிக்கும். கிழமையைச் சரிசெய்துகொண்டிருக்கிற வரைக்கும் அடுத்ததற்குப் போக வேண்டியதில்லை. வெள்ளைத்தாய் தலைவலி என்று நாலு மணிக்கே போய்விட்டாள். கொட்டகையில் அமலோற்பவம் மட்டும் இருந்தாள். தூறல் ஆரம்பித்திருந்தது. தட்டின் மண்ணில் ஓரிடத்தில் ஒரு சின்ன வெடிப்புத் தெரிந்த மாதிரி இருந்தது. முளை மேலே வருவதற்கு முன்னால் மண் அப்படித்தான் ஒரு மூச்சு விடும். இரண்டு கல்லையும் கீழே இறக்கினாள். மூடியை எடுத்தாள். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெறும் வெடிப்புதான். அதற்குள் ஜீப்காரர் ஆரனை அழுத்தினார். மழை வலுக்கிறது, ஓடையில் தண்ணீர் ஏறினால் கடக்க முடியாது என்று கத்தினார். அவள் ஓடினாள். மூடி சுவரில் சாய்ந்து நின்றது. அவ்வளவுதான். அதைச் சாய்த்து வைத்தது கைக்கு நினைவிருக்கிறது, கம்பியின் குளிர்ச்சிகூட நினைவிருக்கிறது. திரும்பி வைக்காததுதான் நினைவில் இல்லை. இல்லாத ஒன்று எப்படி நினைவில் இருக்கும். சனிக்கிழமை காலையில் தட்டில் மண் கிளறிக் கிடந்தது. தோல், உமி, எலிப்புழுக்கை. ஒரு விதை இல்லை. சார் அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். அவர் கத்துகிறவராக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "கடைசியா மூடினது யாரு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அமலோற்பவம் கீழே கிடந்த இரண்டு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்து வெள்ளைத்தாய், "நானாத்தான் இருக்கும் சார்" என்றாள். சார் அவளைப் பார்த்து, "மூணு வருஷம்மா" என்றார். திங்கட்கிழமை கொட்டகைச் சாவியை வெள்ளைத்தாயிடமிருந்து வாங்கி அமலோற்பவத்திடம் கொடுத்தார். அவள் அதை வாங்கினாள். ஏன் வாங்கினாள்? மகள் நர்சிங் சேர்ந்த வருஷம், வீட்டுக்காரருக்குக் கால் அடிபட்டிருந்தது, வேலை போனால் என்ன செய்வது. இதெல்லாம் பின்னால் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கியவை. அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த நாள் திறந்திருக்கலாம். அதற்கடுத்த நாளும் திறந்திருக்கலாம். கோவிலில் சாமியாரிடம் மண்டியிட்டுச் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட, கோபப்பட்டேன் சாமி, பொறாமைப்பட்டேன் சாமி என்று சில்லறையாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து வெள்ளைத்தாய் அண்ணன் ஊருக்கே போய்விட்டாள், வெற்றிலை அடுக்குகிற வேலைக்கு. சார் போகச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. போன வருஷப் புயலில் அந்தப் பெரிய மரம் வேரோடு சாய்ந்து, கீழே இருந்த புதரை மண்ணோடு மண்ணாக அழுத்திவிட்டது. அன்றைக்குச் சார் சோலையிலிருந்து திரும்பி வந்து, பழைய தட்டுகளையெல்லாம் மூலையில் போடச் சொன்னார்.

எலி எல்லாவற்றையும் தின்னவில்லை. தின்ன முடியாததைச் சுவர் வெடிப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து வைத்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு மேலாக அங்கே, ஈரத்தில், இருட்டில். அவள் ஒரு செடியின் தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தாள். நூல் மாதிரி இருந்தது. ஒரு இழுப்புக்குத் தாங்காது. பதினொரு இழுப்பு. மணி ஒன்பதே முக்கால்தான் ஆகிறது, வெளியே குப்பைக்குழி இருக்கிறது, உடைந்த தட்டுகளோடு தட்டாகப் போய்விடும், உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்த நினைப்பு அவளுடையதுதானா என்று அவளுக்குப் பயம் வந்தது. மகளுக்குச் சடை பின்னுகிற கை, திருப்பலியில் அப்பம் வாங்க நீட்டுகிற கை, இதற்கும் நீளுமா. விரலை எடுத்துவிட்டாள். இன்னொரு வழியும் இருந்தது, அது இதைவிடச் சுலபம். சார், இங்க வந்து பாருங்க, என்று கூப்பிட வேண்டியதுதான். சார் ஓடிவருவார். அமலோற்பவம்தான் கண்டுபிடித்தாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கண்டுபிடித்ததும் உண்மைதானே. அதில் பொய் எங்கே இருக்கிறது. கையை ஊன்றி எழுந்து வெளியே போனாள். பண்ணையில் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அந்த எண்ணை அவள் எத்தனையோ தடவை அழுத்தி, மணி அடிப்பதற்கு முன்னால் கட் பண்ணியிருக்கிறாள். இன்றைக்கு அடிக்க விட்டாள்.

"யாரு?" என்றது வெள்ளைத்தாயின் குரல். பின்னால் ஆட்கள் கட்டு எண்ணுகிற சத்தம்.

"நான்தான். அமலி."

"என்ன, யாரும் செத்துப்போயிட்டாங்களா?"

"இல்ல. வெள்ளை, சொட்டுநீலம் முளைச்சிருக்கு." பெயர் வாயிலிருந்து வந்துவிட்டது. துணிக்கு விடுகிற சொட்டுநீலம். பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெள்ளைத்தாய் வைத்த பெயர். இரண்டு வருஷமாகத் துணி துவைக்கும்போதுகூட அவள் சொல்லாத பெயர். "எலி கொண்டுபோய்ச் செவுத்து வெடிப்புல வெச்சிருக்கு. அது முளைச்சிருக்கு."

அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு மூடிய எடுத்தது நான்தான்டி."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் போறப்ப மூடி தட்டு மேலதான் இருந்துச்சு. ரெண்டு கல்லையும் நான்தான் வெச்சேன். எனக்குத் தெரியாதா."

"அப்புறம் ஏன் நீ நான்தான்னு சொன்ன?"

"நீ பக்கத்துல நின்னு நடுங்குன. ஒருத்தி முதல்ல சொல்லிட்டா உனக்கும் வாய் வரும்னு நெனைச்சேன்." வெள்ளைத்தாயின் குரலில் கோபம் இல்லை. சாமான் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். "ரெண்டு மாசம் பார்த்தேன். வரல. உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு மண்ணு சலிக்க முடியல எனக்கு. வந்துட்டேன்."

அமலோற்பவம் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சிமெண்டு ஈரமாக இருந்தது.

"எத்தன முளைச்சிருக்கு?"

"பதினொண்ணு. ஆறு இலை."

"ஆறா?" முதல் தடவையாக அந்தக் குரல் கொஞ்சம் அவசரப்பட்டது. "செடியப் புடிச்சு இழுத்துறாத. வேரு செவுத்துக்குள்ள எங்க போயிருக்கோ. கல்லத் தட்டி எடு. அந்த மண்ண ஒதறாத, மண்ணோட அப்படியே பைக்குள்ள வையி."

"நீ வந்து எடேன்."

மறுபக்கத்தில் யாரோ வண்டி வந்துவிட்டது என்று கத்தினார்கள். "சார்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள் வெள்ளைத்தாய்.

"இன்னும் இல்ல."

"அப்ப எனக்கு எதுக்கு முதல்ல போன் பண்ற? எனக்குத்தான் தெரியுமே." வைத்துவிட்டாள்.

அமலோற்பவம் கொட்டகைக்குத் திரும்பினாள். கொத்துக்கரண்டியின் முனையால் சுவரின் பழைய சுண்ணாம்பைச் சுரண்ட ஆரம்பித்தாள். நறநறவென்று உதிர்ந்தது. ஒரு கல் அசைந்தது. அதற்குப் பின்னால் வெள்ளைவெள்ளையாக வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. இரண்டு வருஷமாகத் தான் தினமும் பக்கத்தில் நடந்து போய்வந்த சுவருக்குள்ளே இதெல்லாம் நடந்திருக்கிறது என்று நினைத்தாள். பிறகு எதையும் நினைக்கவில்லை. கை வேலை செய்தது. தெரியுமே, தெரியுமே என்று அந்தக் குரல் மட்டும் கரண்டிச் சத்தத்தோடு கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் அது அடியாக விழுந்தது. போகப்போக, இரண்டு வருஷமாகத் தன்னைப் பற்றி முழுசாகத் தெரிந்த ஒருத்தி மலைக்குக் கீழே வெற்றிலை அடுக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள் என்பது ஒரு துணை மாதிரியும் பட்டது. அந்தத் துணைக்குத் தான் தகுதியில்லை என்பதும் உடனே பட்டது. ஜோதிநாதன் சார் பத்தரை மணிக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று, "என்னம்மா, சுவரையும் சேர்த்து இடிச்சுட்டீங்க" என்று சிரித்தார். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பேன்ட் முழங்கால் சேற்றில் பட மண்டியிட்டு, ஒரு இலையைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். "சொட்டுநீலம்" என்றார். இங்கிலீஷ் பெயரைச் சொல்லவில்லை. பிறகு சட்டைப் பையைத் தடவி ஒரு பெயர்ச்சீட்டும் பென்சிலும் எடுத்தார். சீட்டை முழங்கால் மேல் வைத்து எழுதினார். "தேதி போட்டாச்சு. இடம், கொட்டகைச் சுவர்னு போட்டுக்கலாம். விதைத்தவர்னு ஒரு கட்டம் இருக்கே, அங்க யார் பேரைம்மா போடறது?"

"எலின்னு போடுங்க சார்" என்றாள் அமலோற்பவம்.

சார் சத்தமாகவே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்தது எவ்வளவோ நாளைக்கு முன்னால். அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்தது. பிறகு சொன்னாள். "அன்னைக்கு வெள்ளைத்தாய் சரியா மூடி, கல்லு வெச்சுட்டுத்தான் போனா சார். அதுக்கப்புறம் மூடிய எடுத்துச் செவுத்துல சாச்சுட்டு, திருப்பி வைக்காமப் போனது நான். நீங்க கேட்டப்ப நான் சொல்லல. சாவியக் குடுத்தீங்க, வாங்கிக்கிட்டேன்."

பென்சில் சீட்டின் மேலேயே நின்றது. சார் அவளைப் பார்க்கவில்லை, வேர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தகரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஏதாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். வேலைக்கு வர வேண்டாம் என்றால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். சரி சார் என்று சொல்ல வேண்டும், அழக்கூடாது.

"நான் அந்தம்மாகிட்ட அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்கலையே" என்றார் சார், தனக்குத்தானே. அப்புறம், "வெள்ளைத்தாய் நம்பர் இருக்கா?"

அவள் போனை எடுக்காமலே பத்து எண்ணையும் சொன்னாள். அவர் அதைப் பெயர்ச்சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு எழுந்து, முழங்கால் சேற்றைத் தட்டாமல், தொட்டிப் பக்கம் நடந்தார். அமலோற்பவம் அடுத்த கல்லை அசைத்தாள். முதலில் சார் பேசுவது கேட்டது, வார்த்தை புரியவில்லை. பிறகு அவர் பேச்சு நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.